யன்னல் எத்தனை அங்குலம்? கனடா பேஸ்மென்றுகளும் எங்கள் ஊரவரும்

சாட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் அம்மா ஒருவர், கனடாவில் இருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில் பேசும்போது என்னையும் கூப்பிட்டார். மகன் 2023இல் விசிட் விசாவில் போய் அகதிக் கோரிக்கை வைத்தவர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார். தொலைபேசியைச் சுற்றித் திருப்பி அறையைக் காட்டினார். தலைக்கு மேலே தகரக் குழாய்கள், மெல்லிய பலகைச் சுவர், கூரையோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன யன்னல். யன்னலுக்கு வெளியே மண்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இவன் பங்கருக்குள்ளயே இருக்கிறான்?" என்று கேட்டார்.

மகன் சிரித்தார். "இல்லையம்மா, இது பேஸ்மென்ற். இங்க எல்லாரும் இப்பிடித்தான் தொடங்கினவை."

இரண்டு பேரும் சொன்னது சரி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மண்ணுக்குக் கீழே மனிதர் குடியிருக்கலாமா, இருக்கலாம் என்றால் எந்த நிபந்தனையில், அந்த நிபந்தனை மீறப்படுவதைத் தெரிந்தும் யார் யார் பேசாமல் இருக்கிறோம் என்பதே விடயம்.

எங்கள் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே வீடு கட்டுவது பற்றி யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கவும் முடியாது. சாட்டியில் மணலுக்கடியில் இருக்கும் நன்னீர், உப்புநீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படை. கிணறு கூட ஆழமாக வெட்டமாட்டார்கள், வெட்டினால் உவர் வந்துவிடும். தீவுப்பகுதியின் பல கிராமங்களுக்குக் குடிநீர் கொடுத்த இடம் என்பதால் இந்த மண்ணில் தோண்டுவது குறித்து எங்களுக்கு ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு. நாங்கள் மனிதர் இருப்பதற்காகத் தோண்டியது ஒன்றே ஒன்றுதான். 'ப'னா வடிவில் அல்லது 'ட'னா வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கர். 1990 ஓகஸ்டில் தீவுப்பகுதி படையினர் கைக்குப் போய் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. பங்கர் பற்றி எனக்கு இருக்கும் நினைவு யாழ்ப்பாணத்தில், இடம்பெயர்ந்து இருந்த வளவில். மாரியில் அதற்குள் தண்ணீர் ஊறும். ஹெலி சத்தம் கேட்டால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் இறங்குவார். தவளை இருக்கும், ஒருமுறை பாம்பும் இருந்தது. ஆனால் பங்கருக்கு ஒரு விதி இருந்தது: இரண்டு வாசல் வேண்டும். ஒரு பக்கம் இடிந்து மூடினால் மற்றப் பக்கத்தால் வெளியேறுவதற்கு. பொறியியலாளர் யாரும் சொல்லித்தராமல் எங்கள் ஐயாமாருக்கு அது தெரிந்திருந்தது.

கனடாவில் பேஸ்மென்ற் வந்த காரணம் வேறு. குளிரில் நிலத்தின் மேற்பகுதி உறைந்து பொருமும். அந்த உறைமட்டத்துக்குக் கீழே அத்திவாரம் இறங்காவிட்டால் வீடு வெடிக்கும். ரொறன்ரோப் பக்கத்தில் அந்த ஆழம் ஏறத்தாழ 1.2 மீற்றர். எப்படியும் அவ்வளவு தோண்டத்தான் வேண்டும், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கும் என்பதுதான் கணக்கு. சூடாக்கும் உலையும், சுடுநீர்த் தாங்கியும், பழைய சாமான்களும் அங்கே போயின. ஸ்காபரோவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிறிய வீடுகளில் பேஸ்மென்ற் இருந்தது மனிதர் படுப்பதற்காக அல்ல. அதனால்தான் பலவற்றில் கூரை தாழ்வு, யன்னல் சிறிது, வாசல் ஒன்று.

1983க்குப் பிறகு போனவர்கள், 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து கரைசேர்ந்த 155 பேர், 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேர், இவர்களுக்கெல்லாம் பின்னால் இந்த விசிட் விசாக்காரர் என்று நான்கு தலைமுறை அகதிகளைக் கனடா கண்டுவிட்டது. முதலில் செயின்ற் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் நெருக்கமாக இருந்தவர்கள், காசு சேர்த்து ஸ்காபரோவில் வீடு வாங்கினார்கள். வீட்டுக் கடனைக் கட்ட பேஸ்மென்றை வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு வந்தது பெரும்பாலும் ஊரவர், உறவினர், உறவினரின் உறவினர். அந்தப் பேஸ்மென்றில் இருந்தபடி இரண்டு வேலை செய்தவர்தான் பிறகு மார்க்கத்திலோ பிரம்டனிலோ வீடு வாங்கித் தன் பேஸ்மென்றை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தார். வேலணையிலும் புங்குடுதீவிலும் இன்று பூட்டிக் கிடக்கும் புது வீடுகளில், கோயில் கோபுரங்களில், பாடசாலைக் கட்டடங்களில் அந்த நிலக்கீழ் வாடகையும் ஒரு பங்கு கலந்திருக்கிறது. இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. இது ஒரு சமூகம் தன்னைத் தானே தாங்கிய வழி. வங்கி கடன் கொடுக்காதவனுக்கு, வேலைக் கடிதம் இல்லாதவனுக்கு, ஆங்கிலம் தெரியாதவனுக்கு, கதவைத் திறந்துவிட்டது ஊரவனின் பேஸ்மென்ற்தான்.

2023இல் நடந்தது வேறு அளவு. தேங்கிக் கிடந்த பார்வையாளர் விசா விண்ணப்பங்களைக் குறைப்பதற்காக, திரும்பிப் போவேன் என்று நிரூபிக்கும் நிபந்தனை உட்படச் சிலவற்றைக் கனடா தற்காலிகமாகத் தளர்த்தியது. பொருளாதாரம் விழுந்த நாட்டில் இருந்த எங்களுக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காணியை ஈடுவைத்தும் தாலிக்கொடியை விற்றும் ஏஜென்சிக்குக் காசு கட்டியவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே எண்ணலாம். போய் இறங்கியவர்களுக்கு வேலை அனுமதி வரவேண்டும், விசாரணைத் திகதி வரவேண்டும், அதுவரை படுக்க இடம் வேண்டும். அதே காலத்தில் சர்வதேச மாணவர்களும் பெருந்தொகையாக வந்திருந்தார்கள். பேஸ்மென்றுகளை மெல்லிய பலகையால் பிரித்து, ஒரு குடும்பம் இருந்த இடத்தில் நாலு பேர், ஐந்து பேர் என்று ஆட்களைப் போட்டார்கள். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு அரசு உச்சவரம்பு விதித்த பிறகு ரொறன்ரோப் பகுதியில் வாடகை இறங்கத் தொடங்கியது உண்மை. ஆனால் வருமானச் சான்றும் கடன் தரவுக் கோப்பும் கேட்கும் அடுக்குமாடி வாடகை இறங்கி என்ன, விசாரணைக்குக் காத்திருக்கும் பொடியனுக்கு அது எட்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கவேண்டும். ஏனென்றால் "பேஸ்மென்ற் எல்லாம் சட்டவிரோதம்" என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள், "இப்ப எல்லாத்தையும் விட்டுட்டான்" என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பிழை.

ஒன்ராறியோ அரசு 2011இல் கொண்டுவந்த சட்டம், வீடுகளில் இரண்டாவது குடியிருப்பை அனுமதிக்கும்படி மாநகர சபைகளைக் கேட்டது. 2022இல் வந்த இன்னொரு சட்டம், நகர்ப்புறக் குடியிருப்புக் காணி ஒன்றில் மூன்று குடியிருப்பு அலகுகள் வரை இருக்கலாம் என்றது. ஆகவே பேஸ்மென்றை வீடாக மாற்றுவது குற்றமில்லை. கட்டட அனுமதி எடுக்காமல், பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றாமல் மாற்றுவதுதான் குற்றம். பிரம்டனில் அப்படி மாற்றிய அலகைச் சபையில் பதிவும் செய்யவேண்டும். தனித்தனி அறையாக வாடகைக்கு விடுவது வேறு வகை. ரொறன்ரோவில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளை அப்படி விட்டால் அது பலகுடி வீடு, அதற்கு உரிமம் வேண்டும். முன்பு ஸ்காபரோவில் அந்த வகை வீட்டுக்கே அனுமதி இல்லை. 2024 மார்ச் 31 முதல்தான் நகரம் முழுக்க உரிமத்தோடு அனுமதிக்கப்படுகிறது.

சரியாக மாற்றுவது என்றால் என்ன? முதலில் உயரம். ஏற்கனவே இருக்கும் வீட்டில் இரண்டாவது அலகுக்குக் கூரை குறைந்தது 1.95 மீற்றர், எங்கள் கணக்கில் ஆறடி ஐந்து அங்குலம் மட்டில் இருக்கவேண்டும். பழைய வீடுகளில் அது இல்லாவிட்டால் நிலத்தை இன்னும் கீழே இறக்கவேண்டும். இங்கேதான் பெரிய வேலை. அத்திவாரத்துக்குக் கீழே மண்ணை எடுத்தால் வீடு இருந்துவிடும். ஆகவே நாலடி போல் ஒரு துண்டைத் தோண்டி, கொங்கிறீற் போட்டு, அது இறுகியபின் தள்ளி இன்னொரு துண்டு, பிறகு இடையில் விட்டது என்று சுவரைச் சுற்றிவரப் புதிய அத்திவாரம் கொடுக்கவேண்டும். பொறியியலாளரின் வரைபடமும், கட்டம் கட்டமாகச் சபைப் பரிசோதகரின் பார்வையும் இல்லாமல் இதில் கைவைப்பவர் தன் வீட்டோடு பக்கத்து வீட்டையும் ஆபத்தில் வைக்கிறார். (லண்டனில் இது பணக்காரரின் பொழுதுபோக்காகி, கீழே கீழே என்று நீச்சல் தடாகம், படமாளிகை எல்லாம் தோண்டினார்கள். கென்சிங்டன் செல்சி சபை 2015இல் பெரும்பாலும் ஒரு தளத்துக்கு மேல் தோண்டக்கூடாது என்று கட்டுப்பாடு போடவேண்டி வந்தது. தோண்டுவதிலும் வகுப்பு இருக்கிறது.)

அடுத்தது தீ. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் பொதுவாக அரைமணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு, ஒரு தளத்தில் புகை வந்தால் எல்லாத் தளத்திலும் ஒன்றாக அலறும் புகை எச்சரிப்பான், எரிவாயு உலை இருப்பதால் காபனோரொட்சைட் எச்சரிப்பான், மின்சார இணைப்புக்குப் பரிசோதனை. வாசல் வழி மறிபட்டால் ஏறி வெளியேறுவதற்கான யன்னல் என்றால், அதன் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்கு, அதாவது பதினைந்து அங்குலத்துக்கு, குறையக்கூடாது. அந்த யன்னல் திறப்போ கருவியோ இல்லாமல் உள்ளிருந்தே திறக்கவேண்டும். நித்திரையில் இருந்து எழும்பிய ஒருவர் இருட்டில் புகைக்குள் செய்யக்கூடியதைத்தான் இந்த விதி கேட்கிறது.

மூன்றாவது தண்ணீர். இதை எங்களவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது, அதில் பெரும்பகுதி இரண்டு மணித்தியாலத்துக்குள். 2024 ஜூலை 16 மறுபடியும், ஏறக்குறைய 98 மில்லிமீற்றர். நிவர் மழையையும் புரெவி மழையையும் பார்த்த எங்களுக்கு அது பெரிய எண் இல்லைப் போலத் தோன்றலாம். அங்கே தண்ணீர் ஊறி இறங்க மணல் இல்லை. எல்லாம் தாரும் கொங்கிறீற்றும். கழிவுக் குழாய் நிரம்பினால் மலநீர் மிகத் தாழ்ந்த துவாரத்தால் திரும்பி மேலே வரும். அந்தத் துவாரம் பேஸ்மென்றில் இருக்கிறது. அதைத் தடுக்கும் ஒருவழி வால்வும், ஊறும் நீரை இறைக்கும் பம்பும் பூட்ட ரொறன்ரோ மாநகர சபை மானியம் கொடுக்கிறது.

தண்ணீர் கொல்லும் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இல்லை. 2021 செப்டெம்பர் 1 இரவு, ஐடா புயலின் எச்சம் நியூயோர்க்கில் கொட்டியபோது 11 பேர் நிலக்கீழ் வீடுகளுக்குள் இறந்தார்கள். பெரும்பாலானோர் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த குடியேறிகள். 2022 ஓகஸ்டில் தென்கொரியாவின் சோலில், 'பன்ஜிஹா' எனப்படும் பாதி நிலக்கீழ் வீட்டில் ஒரே குடும்பத்தில் மூவர் வெளியேற முடியாமல் மூழ்கினர். 2024 ஜூலை 27 டெல்லி ராஜேந்திர நகரில், களஞ்சியத்துக்கு அனுமதி எடுத்த நிலக்கீழ் தளத்தை வாசிகசாலையாக நடத்திய பயிற்சி நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மூன்று நாடு, மூன்று சட்டம். படிக்கட்டால் தண்ணீர் இறங்கி வர, அதற்கு எதிரே ஏறி வெளியேற முடியாமல் போனது மூன்று இடத்திலும் ஒன்றுதான்.

அப்படியானால் சட்டவிரோதப் பேஸ்மென்றுகளை எல்லாம் பூட்டிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. சபைக்கு முறைப்பாடு போடுகிற அயலவர் பலர் அந்தக் கட்சி. அவர்களின் வார்த்தைகளில் சில நேரம் தீப்பாதுகாப்பைவிட வாசலில் நிற்கும் கார்களின் எண்ணிக்கையும், காருக்குள் இருப்பவரின் நிறமும் கூடுதலாகத் தெரியும். பூட்டினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. அந்த ஐந்து பேரும் அடுத்த தெருவில் இன்னும் மோசமான இன்னொரு பேஸ்மென்றுக்குப் போவார்கள். நியூயோர்க் மறுபக்கத்தால் முயன்றது. ஈஸ்ட் நியூயோர்க் பகுதியில் 2019இல் நிலக்கீழ் வீடுகளைச் சட்டபூர்வமாக்க ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வீட்டுக்காரர் ஆர்வம் காட்டினார்கள். விதிகளும் செலவும் ஏற ஏற ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் கைவிரலில் எண்ணக்கூடியவர்களே நின்றார்கள். ஒன்ராறியோவிலும் ஒழுங்காகச் செய்யப் பல பத்தாயிரம் டொலர் செலவாகும். 2025 ஜனவரி 15 முதல், வீட்டில் இன்னொரு அலகு கட்டுவதற்காக அடமானத்தை மீளெடுப்பதைக் கனடிய மத்திய அரசு இலகுவாக்கியிருக்கிறது. அதுவும் கடன்தான். ஏற்கனவே உயர்ந்த வட்டியில் அமிழ்ந்திருக்கும் வீட்டுக்காரர், கைக்கு வரும் வாடகையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் வேலை செய்விப்பாரா? செய்விக்கமாட்டார். யன்னலுக்குத் திரை போட்டுவிட்டு வாடகை வாங்குவார். அதனால் என் பார்வையில், முழுதாக ஒழுங்காக்கும்வரை காத்திராமல், எச்சரிப்பான், யன்னல், மின்சாரம், ஒருவழி வால்வு என்ற நாலையும் உடனே கேட்பதும், அதைச் செய்கிறவருக்கு மிச்சத்துக்கு அவகாசம் கொடுப்பதும்தான் உயிரைக் காக்கும். தண்டப்பணம் இல்லாமலும் இல்லை. தீப்பாதுகாப்புச் சட்டத்தை மீறும் தனியாருக்கு முதல்முறை 50,000 டொலர் வரை போகலாம்.

வாடகைக்கு இருப்பவரின் உரிமை இன்னொரு விடயம். இதை ஊரில் இருக்கும் தாய்மாரும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. ஒன்ராறியோவில் பேஸ்மென்ற் அனுமதி இல்லாமல் கட்டப்பட்டது என்பதற்காக அங்கே இருப்பவர் உரிமை இழப்பதில்லை. கடைசி மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். வாடகை கூட்ட 90 நாள் எழுத்து மூல அறிவித்தல் வேண்டும். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிபுகுந்த அலகு என்றால், எவ்வளவு கூட்டலாம் என்ற அரசின் வருடாந்த வரம்பு பெரும்பாலும் பொருந்தாது. வீட்டுக்காரர் "நாளைக்கு எழும்பு" என்றால் எழும்பத் தேவையில்லை. வீட்டுக்காரர் குடியிருப்போர் சபையின் ஆணை வேண்டும், அதை நிறைவேற்ற ஷெரிப் வரவேண்டும்.

இதில் ஒரு ஓட்டை. வீட்டுக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ ஒரே குசினியை அல்லது ஒரே குளியலறையைப் பகிர்ந்து இருக்க வேண்டியவருக்கு இந்தக் குடியிருப்போர் சட்டமே பொருந்தாது. எங்கள் பொடியன்களில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். "எங்கட வீட்டில சாப்பிடு தம்பி, கீழ படு" என்பது பாசமான வார்த்தை. அதே வார்த்தை அவனைச் சட்டத்துக்கு வெளியேயும் நிறுத்திவிடுகிறது.

அந்த அம்மாவின் மகனும் அப்படித்தான். வீடு அவருடைய மாமி முறையானவருடையது. கீழே நாலு அறை, ஐந்து பேர். குளியலறை கீழே, குசினி மேலே. உலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை இவருக்கு. மாமி நல்லவர், முதல் இரண்டு மாதம் வாடகை வாங்கவில்லை. குளிருடுப்பு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதை எழுதும்போது எனக்கே கை தயங்குகிறது. நன்றிக் கடன் இருக்கும் இடத்தில் யன்னல் அளவு கேட்பது எப்படி?

ஆனால் கேட்காமல் இருப்பதும் சரியில்லை. எங்கள் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஸ்காபரோ மண்டபங்களில் இராப்போசனம் வைத்துக் காசு சேர்த்து இங்கே வகுப்பறை கட்டுகின்றன. நன்றி. அதே பாடசாலையில் படித்த பொடியன் அதே மண்டபத்தில் இருந்து பத்து நிமிடத்தில், ஒரு வாசல் உள்ள பேஸ்மென்றில் உலைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பவர்களில் சிலர் அந்த வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். ஒரு வருடத்து இராப்போசனக் காசில், உறுப்பினர் வீடுகளுக்கு எச்சரிப்பான் வாங்கிப் பூட்டவும், மின்சாரப் பரிசோதகரைக் கூட்டிப்போகவும், அனுமதி எடுக்கத் தமிழில் வழிகாட்டவும் ஒரு சங்கம் முன்வந்தால் போதும். ஊரவர் சொன்னால் கேட்பார்கள், சபை அதிகாரி வந்தால் கதவைத் திறக்கமாட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்காக அந்தத் தம்பியிடம் யன்னலை அளக்கச் சொன்னேன். அளவுநாடா இல்லை, வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியில் ஒரு அடிமட்டம் இருந்தது. திறப்பு பதினாறு அங்குல அகலம், பத்து அங்குல உயரம். சதுர மீற்றரில் 0.10 வருகிறது. புகை எச்சரிப்பான் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பற்றரி இல்லை, சமைக்கும்போது கத்துகிறது என்று யாரோ கழற்றிவிட்டார்கள் என்றார். பற்றரி எத்தனை டொலர் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது வாங்கிப் போட்டுப் படம் அனுப்பினார்.

யன்னலைப் பற்றி மாமியிடம் இன்னும் பேசவில்லையாம். "அவ குறை நினைப்பா, நீங்கள் பேரைப் போட்டிடாதேங்கோ" என்றார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. இரண்டாவது வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.